பணிப்பாளர் பதவியை விட்டால் சேமலாப நிதி வழக்கும் விட்டுப்போகுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவலப்பிட்டிப் பக்கம், சிறு தோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலை, தனியார் கம்பனி. 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை 40 தொழிலாளருக்குச் சேமலாப நிதி (EPF, தொழிலாளியின் ஓய்வுகாலத்துக்காக மாதம் மாதம் கட்ட வேண்டிய பங்குப்பணம்) கட்டப்படவில்லை. கேட்பவர் அப்போது மூன்று பணிப்பாளர்களில் ஒருவர், 2023இல் விலகிவிட்டார். இப்போது தொழில் திணைக்களத்திலிருந்து அவர் பெயருக்கே கடிதம் வந்திருக்கிறது. வருமான வரியிலும் கொஞ்சம் பாக்கி. "மூன்று வருடம் தாண்டிவிட்டது, வழக்குப் போட முடியாது, அதோடு நீங்கள்தான் விலகிவிட்டீர்களே" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை நம்பிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கலாமா?

இருக்கக் கூடாது. அவர் சொன்னதில் இரண்டு பாதியும் பிழை.

மூன்று வருடம், ஆறு வருடம், ஆறு மாதம் என்று ஊரில் உலவும் கணக்குகள் எல்லாம் சட்டத்தில் எங்கேயோ உள்ளவைதான், ஆனால் இந்த விடயத்துக்கு உரியவை அல்ல. எழுத்திலான ஒப்பந்தத்தை வைத்து வழக்காடுவதற்கு ஆறு வருடம், வேறு பல சிவில் கோரிக்கைகளுக்கு மூன்று வருடம் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தில் வருவது. அது ஆளுக்கு ஆள் போடும் சிவில் வழக்குகளுக்கு. அரசின் உரிமையை அது பாதிக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட தொழிலாளி தொழில் நியாயசபைக்குப் போவதற்கான எல்லைதான் ஆறு மாதம். தோட்டங்களில் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் அடிக்கடி சொல்லி, அது எல்லாத் தொழில் பிரச்சினைக்கும் பொருந்தும் என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. சேமலாப நிதிப் பாக்கியை முறையிடப் போகும் தொழிலாளியையும் இந்த ஆறு மாதக் கதை எத்தனையோ முறை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. அவர்கள் திரும்பிப் போகத் தேவையே இல்லை.

குற்றத்துக்காக வழக்குத் தொடர்வதற்கான பொதுவான எல்லை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவில் இருக்கிறது. கொலைக்கும் அரச துரோகத்துக்கும் எல்லையே கிடையாது. மற்றக் குற்றங்களுக்கு, வேறு சட்டம் தனியாக ஒரு காலத்தைக் குறித்திருந்தாலன்றி, குற்றம் நடந்த நாளிலிருந்து 20 வருடம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பங்குப்பணம் கட்டாத குற்றத்துக்கு அதைவிடக் குறுகிய காலம் எதையும் குறிக்கவில்லை. ஆகவே 20 வருடம்தான்.

அதை உங்கள் மாதங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாதத்துச் சம்பளத்துக்கான பங்குப்பணம் அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் நிதியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2021 ஏப்ரல் மாதத்துக்குரியது மே 31க்குள். அது தவறியபோது, ஜூன் முதலாம் திகதி ஒரு குற்றம். மே மாதத்துக்குரியது ஜூன் 30க்குள். தவறினால் ஜூலையில் இன்னொன்று. இப்படி ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு போனால், கடைசியாக 2022 மார்ச் மாதத்துக்குரியது ஏப்ரல் 30இல் தவறியிருக்கிறது. வழக்குத் தொடரும் வாசல் முதல் மாதத்துக்கு 2041 நடுப்பகுதியிலும், கடைசி மாதத்துக்கு 2042 இலும்தான் மூடும். காலத்தை நம்பி உட்கார்ந்திருப்பதால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

இனி விலகல். குற்றம் நடந்த நேரத்தில் யார் பணிப்பாளராக இருந்தார் என்பதைத்தான் சட்டம் பார்க்கும். சேமலாப நிதிச் சட்டத்தில் கூட்டிணைக்கப்பட்ட நிறுவனம் செய்யும் குற்றத்துக்கு அதன் ஒவ்வொரு பணிப்பாளரும் அலுவலரும் குற்றவாளியாகக் கருதப்படுவார்; பங்குடைமைத் தொழிலாக இருந்தால் ஒவ்வொரு பங்காளரும். "கருதப்படுவார்" என்றால், நீங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்று அரச தரப்பு காட்டத் தேவையில்லை. அந்த மாதம் நீங்கள் பணிப்பாளர் என்று காட்டினால் போதும். அதிலிருந்து வெளியே வருவதற்கு ஒரே கதவு: குற்றம் உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது அது நடக்காமல் தடுக்க வேண்டிய முயற்சியை எல்லாம் நீங்கள் எடுத்தீர்கள் என்று நிரூபிப்பது. நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 2023இல் கொடுத்த விலகல் கடிதம் 2023க்குப் பிந்திய மாதங்களுக்கு உதவும். 2021 ஜூனில் நடந்ததை அது தொடாது.

விலகலே சரியாக நடந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடிதத்தைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். பணிப்பாளர் மாற்றத்தைக் கம்பனி 20 வேலை நாளுக்குள் 20ஆம் இலக்கப் படிவத்தில் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் சொல்கிறது. அந்தப் படிவம் போகாமல் அலுமாரியில் கிடந்தால், பதிவேட்டின்படி இன்றைக்கும் நீங்கள் பணிப்பாளர். தொழில் திணைக்களமும் இறைவரித் திணைக்களமும் முதலில் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான். பதிவாளரிடம் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுத்து, நீங்கள் நியமிக்கப்பட்ட திகதி, விலகிய திகதி, பதிவில் உள்ள முகவரி மூன்றையும் சரிபாருங்கள். முகவரி முக்கியம். பழைய வீட்டு விலாசத்துக்கு அழைப்பாணை போய், யாரும் கவனிக்காமல், கடைசியில் பிடியாணையில் வந்து நிற்பது மலையகத்து நீதவான் நீதிமன்றங்களில் அடிக்கடி நடப்பது.

இந்த விடயத்தில் இரண்டு வழக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு என்ன பதில் என்பது தெரியும்.

ஒன்று, பணத்தை மீட்பது. சேமலாப நிதிச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி தொழில் ஆணையாளர் இவ்வளவு பாக்கி, இன்னார் கட்டவில்லை என்று சான்றுப்பத்திரம் எழுதி, பாக்கிக்காரரின் முகவரிக்குரிய நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வார். நீதவான் அழைத்து, மேலே நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் கேட்பார். தகுந்த காரணம் காட்டாவிட்டால் அந்தத் தொகை நீதவான் விதித்த தண்டப்பணமாகவே கருதப்படும். தண்டப்பணத்தை அறவிடுவதுபோல் அறவிடுவார்கள். இதிலே பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: சான்றுப்பத்திரத்தில் உள்ள தொகை சரியா பிழையா என்று நீதவான் விசாரிக்க முடியாது. சட்டமே தடுத்திருக்கிறது. "ஐயா, கணக்குப் பிழை" என்று அங்கே போய்ச் சொல்வது காலம் கடந்த வாதம். தொகையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் தொழில் அலுவலகத்து விசாரணை; அதற்குப் பிறகு என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்டுப் போக வேண்டும், செலவு அதிகம். உங்களுக்கு வந்த கடிதம் சான்றுப்பத்திரத்துக்கு முந்திய கட்டத்துக் கடிதமாக இருந்தால், கணக்கைத் திருத்துவதற்கான உங்கள் நல்ல வாய்ப்பு இதுதான்.

மற்றது, குற்றத்துக்கான வழக்கு. பங்குப்பணம் கட்டாததற்கும் படிவங்கள் அனுப்பாததற்கும் தண்டனை கேட்பது. நான் மேலே சொன்ன 20 வருடமும், பணிப்பாளரைக் குற்றவாளியாகக் கருதும் பிரிவும் இதற்கு உரியவை. மீட்புச் சான்றுப்பத்திரம் தொழில் கொள்வோரை, அதாவது கம்பனியை, நோக்கியது. அதிலே கம்பனிக்குப் பதிலாக உங்கள் சொந்தப் பெயர் இருந்தால், எந்த அடிப்படையில் என்பதை உங்கள் சட்டத்தரணி முதலாவதாகப் பார்க்க வேண்டும். வாதத்துக்கு இடமுள்ள புள்ளி அது. காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தில் செலவழிக்கும் உழைப்பை இங்கே செலவழிப்பது பயன்.

தொகை எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போடுகிறேன். 2021 மார்ச்சில் தேயிலைத் தொழிலுக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. ஒருவர் மாதம் 25 பேர், அதாவது 25 நாள் வேலை, செய்தால் 25,000 ரூபா. தொழிலாளியிடம் பிடிக்கும் 8 வீதம் 2,000, கம்பனி போட வேண்டிய 12 வீதம் 3,000, சேர்த்து 5,000. 40 பேருக்கு மாதம் 2 இலட்சம், பன்னிரண்டு மாதத்துக்கு 24 இலட்சம். தாமதத்துக்கு மேலதிகக் கட்டணம் ஏறும்: 10 நாள் வரை 5 வீதம், ஒரு மாதம் வரை 15, மூன்று மாதம் வரை 20, ஆறு மாதம் வரை 30, ஒரு வருடம் வரை 40, அதற்கு மேல் 50. உங்கள் பாக்கி எல்லாம் 50 வீதத்துக்குப் போய்விட்டது. ஆகவே 24 இலட்சத்துக்கு மேல் 12 இலட்சம், மொத்தம் 36 இலட்சம். இதற்கு வெளியே 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம்: ஆளுக்கு 750, வருடத்துக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம், அதன்மேல் தனி மேலதிகக் கட்டணம். நம்பிக்கை நிதியம் வேறு சபை, வேறு கடிதம், வேறு வழக்கு. சேமலாப நிதியைத் தீர்த்துவிட்டு இதை மறந்தவர்கள் நிறையப் பேர்.

அந்த 24 இலட்சத்தில் 9 இலட்சத்து 60 ஆயிரம் தொழிலாளரின் சம்பளத்திலிருந்தே பிடித்த காசு என்பதை மறக்க வேண்டாம். அது கம்பனியின் பணமாக ஒரு நாளும் இருந்ததில்லை. 2021 மே மாதத்து இரசாயன உரத் தடையால் கொழுந்து குறைந்தது, 2022இல் டீசலும் மின்சாரமும் இல்லாமல் ரோலர் நின்றது, எல்லாம் உண்மை. ஆனால் கையில் காசில்லை என்பது கம்பனியின் 12 வீதத்துக்கே சட்டத்தில் பதிலாகாது. பிடித்த 8 வீதத்துக்கு அதைச் சொல்லவே கூடாது. 55 வயதில், தன் சேமலாப நிதியை மீளப் பெறும் விண்ணப்பமான கே படிவத்தை நிரப்பிக் கொண்டுபோகும் ஒரு மனுஷன் தன் கணக்கில் ஒரு வருடத்தைக் காணாமல் நிற்பதுதான் இதன் மறுபக்கம்.

தொழில் அலுவலகத்துக்கு, ஹட்டனோ கண்டியோ கடிதத்தில் எது குறித்திருக்கிறதோ அங்கே, போகும்போது அந்தப் பன்னிரண்டு மாதத்துச் செக்ரோல் (தொழிலாளர் வேலைக்கு வந்த நாள்களைப் பதியும் பேரேடு), சம்பளப் பட்டியல், வங்கிக் கூற்று, முன்பு அனுப்பிய சீ படிவங்கள் (மாதாந்தப் பங்குப்பண விபரப் படிவங்கள்) ஆகியவற்றோடு போங்கள். செக்ரோல் இல்லாமல் போனால் அலுவலர் தன்னிடம் உள்ள தகவலை வைத்து மதிப்பிடுவார். தொழிலாளர் சொல்வது மட்டுமே சாட்சியாக நிற்கும். தேயிலைத் தொழிற்சாலையில் கவனிக்க வேண்டிய பிழை மேலதிக நேரச் சம்பளம். வாட்டும் மாடியிலும் அரைக்கும் இடத்திலும் இரவு வேலை அதிகம், சம்பளத்தில் பெரிய பங்கு ஓவர்டைம். சேமலாப நிதிக்கான உழைப்பூதியத்தில் ஓவர்டைம் சேராது. மொத்தச் சம்பளத்தை வைத்துப் போட்ட மதிப்பீடாக இருந்தால் தொகை நன்றாக ஊதியிருக்கும். பிரித்துக் காட்டினால் குறையும். மாறாக, நிறுவை அல்லது துண்டு வேலைக்குக் கொடுத்த சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, சம்பளத்துடனான விடுமுறைச் சம்பளம் எல்லாம் சேரும். "கைக்காசு ஆள்தானே, நிரந்தரம் இல்லையே" என்று விட்ட பெயர்களும் சேரும். தற்காலிகத் தொழிலாளிக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு.

பெயர்களில் நேரத்தைச் செலவழியுங்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று என்பது நம் பக்கத்தில் சாதாரணம். பழனியம்மா பழனியாயி ஆகியிருப்பார்; அப்பா பெயர் சிங்களத்தில் எழுதி ஆங்கிலத்துக்குப் போய் வேறு ஆளாக வந்திருக்கும்; ஒரே லயத்தில் ஒரே பெயரில் மூன்று பேர். காசைக் கட்டிவிட்டுப் பட்டியலில் உறுப்பினர் இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் பொருந்தாமல் கொடுத்தால், பணம் நிதியத்துக்குப் போகும், தொழிலாளியின் கணக்கில் ஏறாது. பிறகு அவர் முறையிடுவார், நீங்கள் கட்டிய மாதமே கட்டாத மாதமாக மீண்டும் கடிதம் வரும். ஒவ்வொருவரின் அட்டைப் பிரதியையும் வைத்து மாதம் மாதமாகப் பட்டியல் தயாரித்து, பழைய மாதத்திலிருந்து தொடங்கிக் கட்டுங்கள். வேலையை விட்டுப் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், இறந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து.

சில தொழிற்சாலைகளில் தொழிலாளியைக் கூப்பிட்டு ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "சேமலாப நிதிப் பாக்கி இல்லை" என்று கைநாட்டு வாங்குகிறார்கள். அந்தக் காகிதம் எதற்கும் உதவாது. பணம் நிதியத்துக்குப் போக வேண்டியது; கையில் கொடுத்ததும் போகும், நிதியத்துக்குக் கட்ட வேண்டியதும் அப்படியே நிற்கும். கம்பனியை விற்கும்போது "பழைய கடன் எல்லாம் வாங்குபவருக்கு" என்று உறுதியில் எழுதுவதும் இப்படித்தான். உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையில் அது செல்லும், அவர் கட்டாவிட்டால் அவர்மேல் நீங்கள் வழக்குப் போடலாம். தொழில் ஆணையாளரை அது கட்டுப்படுத்தாது. கம்பனியின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கினாலும் பணிப்பாளராக இருந்தவர்களின் பொறுப்பு நீங்காது.

அப்படியானால் உங்கள் தற்காப்பு எது? காகிதங்கள்தான், அவையும் 2021, 2022 திகதியிட்ட காகிதங்கள். பணிப்பாளர் சபைக் கூட்டக் குறிப்பில் "சேமலாப நிதி கட்டப்படவில்லை, உடனே கட்ட வேண்டும்" என்று நீங்கள் சொன்னது பதிவாகியிருக்கிறதா? கணக்காளருக்கோ முகாமைத்துவப் பணிப்பாளருக்கோ எழுதிய மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதா? வங்கியில் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்று வங்கிக் கடிதம் வாங்க முடியுமா? சீ படிவத்தில் யார் கையெழுத்து? இவை எல்லாம் நீங்கள் நிர்வாகத்தில் இல்லாதவர், தெரிந்ததும் தடுக்க முயன்றவர் என்று காட்டினால் வழக்கில் நிற்கும். மாறாக, அந்த மாதங்களில் சம்பளக் காசோலைகளில் உங்கள் கையெழுத்தும், அதே மாதங்களில் பணிப்பாளர் கொடுப்பனவு உங்கள் கணக்கில் ஏறியதும் இருந்தால், "எனக்குத் தெரியாது" என்ற வாக்குமூலத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். அது உங்களையே திருப்பி அடிக்கும். அந்த நிலைமையில் மற்ற இரண்டு பணிப்பாளரோடும் பேசி, தவணைத் திட்டம் ஒன்றோடு போவதே நல்லது. ஒரு பகுதியைக் கட்டிய பற்றுச்சீட்டோடு போகிறவரிடம் பேசும் விதமே வேறு. தவணைக்கு ஒத்துக்கொண்டால் தவறாதீர்கள், திகதி போட்டுக் கொடுத்த காசோலை திரும்பினால் அடுத்த முறை யாரும் கேட்கமாட்டார்கள்.

வரிப் பாக்கி. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் 30 மாதம் என்று ஒரு காலம் வரும். அதைத்தான் பலர் "வரி வழக்குக்கு இரண்டரை வருடம்" என்று சொல்கிறார்கள். நீங்கள் கொடுத்த விபரத்திரட்டைத் திணைக்களம் மாற்றி மதிப்பிடுவதற்கான எல்லை அது. மோசடியோ வேண்டுமென்றே செய்த அலட்சியமோ இருந்தால் அந்த எல்லையும் இல்லை. ஏற்கெனவே நீங்களே கணித்துக் கொடுத்துக் கட்டாமல் விட்ட வரிக்கு அந்த 30 மாதம் ஒரு நிவாரணமும் தராது, மாதத்துக்கு 1.5 வீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தொழிற்சாலை உத்தியோகத்தர் சம்பளத்தில் பிடித்த முற்பண வருமான வரி இருந்தால் அதை முதலில் கட்டுங்கள். அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்பியிருக்க வேண்டிய காசு அது. சேமலாப நிதியின் 8 வீதத்தைப்போல இதுவும் வேறொருவரிடம் பிடித்தது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று பணிப்பாளரில் ஒருவர் உங்கள் மனைவி என்று எழுதியிருந்தீர்கள். பெயருக்குத்தான் போட்டது என்றும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளரே போதும், அவரைச் சேர்த்திருக்கவே தேவையில்லை. தொழிற்சாலைக்குள் கால் வைக்காதவர் என்றாலும், பணிப்பாளரைக் குற்றவாளியாகக் கருதும் சேமலாப நிதிச் சட்டப் பிரிவு அவரையும் பிடிக்கும். ஆனால் தெரியாமல் நடந்தது என்ற தற்காப்பு உங்களைவிட அவருக்கு நன்றாகப் பொருந்தும். உங்கள் நலனும் அவர் நலனும் இந்த வழக்கில் ஒன்றல்ல. ஆகவே அவருக்கு வேறு சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள், அவர் பெயருக்கு வரும் கடிதங்களுக்கு அவர் தனியாகவே பதில் கொடுக்கட்டும், உங்கள் பதிலில் அவருக்கும் சேர்த்து எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.